சந்தை வாசலில் நின்றுவிட்ட கல்

அந்தக் காலத்தில் மாடு பேசும், கல் நடக்கும். உப்பளத்துக்கும் சந்தைக்கும் நடுவே ஒரு மேடு இருந்தது. மேட்டிலிருந்து இறங்குகிற பாதை நேரே சந்தை வாசலில் போய் முடியும். அந்த வாசலில் நெட்டைக்கல் என்று ஒரு கல். இரண்டு ஆள் உயரம், ஓயாத வாய். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் ஊர்வம்பு பேசிக்கொண்டு வழியை அடைத்து நிற்கும். "கல்லே, விலகு!" என்று வண்டிக்காரன் கத்தினால் முனகிக்கொண்டே ஓரமாக நகரும். வண்டி வந்தால் கல்தான் விலக வேண்டும். அதுதான் ஊர் வழக்கம்.

வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு எந்த உப்பு வண்டி முதலில் வருகிறதோ அதில்தான் பெண்கள் வீட்டுக்கு உப்பு வாங்குவார்கள். பின்னால் வருகிற வண்டி அவிழ்க்காத மூட்டையோடு திரும்ப வேண்டியதுதான். போன வெள்ளி உப்பு வண்டிக்காரன் மாசானம் அப்படித்தான் திரும்பினான். "அண்ணே, உங்க மாடு நடக்குதா, தூங்குதா?" என்று முதல் வண்டிக்காரன் வேம்பன் சிரித்தது அவனுக்குச் சோற்றில்கூடக் கல்லாக இடறியது.

இந்த வெள்ளி விடப்போவதில்லை. இடம் பிடித்து வைக்கச் சொல்லி மனைவி பேராச்சியைக் கைக்குழந்தையோடு முன்னாலேயே அனுப்பிவிட்டான். அச்சுக்கு எண்ணெய் வழிய வழியப் போட்டான். சக்கரத்தை உரசி வேகத்தை அடக்குகிற தடைக்கட்டையைக் கழற்றி உப்பளத்திலேயே எறிந்துவிட்டான்.

மேட்டின் உச்சியில் செவலை மாடு நின்றுவிட்டது.

"மாசானம், கட்டை எங்கே?"

"கட்டை போட்டா வண்டி உரசும். வேம்பன் பின்னாலயே வாரான். நட!"

"இறங்கும்போது எதை வச்சு நிறுத்துவே? உன் மீசையையா?" என்றது மயிலை மாடு.

மாசானம் சாட்டையைச் சுழற்றினான்.

பாதி இறக்கம் வரை அவன் பாடிக்கொண்டுதான் வந்தான். பிறகு காற்று வாயை அடைத்தது. உப்பு மூட்டைகள் முதுகில் வந்து இடித்தன. கயிற்றை இழுத்துப் பார்த்தான். மாடுகளின் தலை பின்னால் வளைந்ததே தவிரக் கால்கள் நிற்கவில்லை.

"நாங்க வண்டியை இழுக்கல மாசானம்!" செவலை அலறியது. "வண்டிதான் எங்களைத் தள்ளுது!"

கீழே சந்தை வாசல் பெரிதாகிக்கொண்டே வந்தது. நடுவழியில் நெட்டைக்கல், யாரிடமோ கதையடித்துக்கொண்டு.

"கல்லே, விலகு! விலகு!"

கல் திரும்பிப் பார்த்தது. முனகிக்கொண்டே நகர்ந்தது. அது நகர்ந்த இடைவெளியில் மாசானம் பார்த்தான். நேர் எதிரே புங்க மரக் கிளையில் தூளி ஆடிக்கொண்டிருந்தது. அதனடியில் பேராச்சி முதுகைக் காட்டிக் குனிந்து, அவன் வண்டி வந்து நிற்பதற்கான இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"பேராச்சி!" சந்தை இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை.

"கல்லே, விலகாதே! வா! திரும்பி வா!"

"ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைடா!" என்று கத்தியது கல். அதற்குள் அதுவும் தூளியைப் பார்த்துவிட்டது. ஓடிவந்து வழி நடுவில் நின்றது. இரண்டு கால்களையும் இடுப்புவரை மண்ணுக்குள் இறக்கியது. பல்லை இறுகக் கடித்துக்கொண்டது.

நுகத்தடி முறிந்து மாடுகள் ஆளுக்கொரு பக்கம் தெறித்தன. வண்டி கல்லில் மோதிச் சிதறியது. மாசானம் உப்புக் குவியலில் போய் விழுந்தான். வாயெல்லாம் உப்பும் ரத்தமும். தூளியில் குழந்தை வீரிட்டது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

"உப்பு விக்க வந்தியா, எங்களை அள்ளிட்டுப் போக வந்தியா?" என்று துடைப்பத்தோடு வந்தாள் பேராச்சி. கல்லைப் பார்த்ததும் துடைப்பம் கையிலிருந்து நழுவியது. நெஞ்சில் பிளவோடு நின்றது கல். கடித்த பல் கடித்தபடியே இருந்தது. பேசச் சொல்லிப் பார்த்தார்கள். திறக்கவில்லை.

"இதைத் தோண்டி எடுத்துடுறேன்" என்று மாசானம் மண்டியிட்டுக் கையாலேயே மண்ணை அள்ளினான். ஊரும் சேர்ந்து அள்ளியது. கல்லின் முழங்கால் வெளியே தெரிந்த நேரம், மேட்டிலிருந்து குரல் கேட்டது.

"கல்லே, விலகு!"

வேம்பனின் வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. சற்று முன் தான் போட்ட கூச்சலை மாசானம் இப்போது கீழே இருந்து கேட்டான். அள்ளிய கை நின்றது. கல்லுக்குப் பின்னால் தூளி இன்னும் அதே கிளையில் தொங்கியது. கல்லின் முகத்தை ஒருமுறை பார்த்தான். அது சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை.

மாசானம் மண்ணைத் திருப்பித் தள்ளினான். இரண்டு கையாலும் தள்ளி, ஏறி நின்று, காலால் இறுக மிதித்தான்.

கல் அசையாததைப் பார்த்து வேம்பன் கட்டையை அழுத்தினான். சக்கரம் கதறிக்கொண்டு கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

அதன் பிறகு மாசானத்துக்கு அந்த மண்ணைத் தொட மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமையானால் கல்லின் நெஞ்சுப் பிளவில் எண்ணெயும் மஞ்சளும் தடவுவான். முகத்தை மட்டும் பார்க்க மாட்டான்.

அன்று முதல்தான் சந்தை முனையிலும் தெரு முனையிலும் கல் பாதி உடம்பை மண்ணுக்குள் வைத்து நிற்கிறது. இன்று லாரியிலும் காரிலும் வந்து மோதுகிறவர்கள் இறங்கியதும், "எவன்டா இந்தக் கல்லை நடுவழியில் நட்டான்?" என்றுதான் கேட்கிறார்கள். கல்லுக்கு வாய் துறுதுறுக்கும். பல்தான் திறப்பதில்லை.