பிரதானி கொட்டிய நெய்

குன்றையூர் ராஜா சொக்கபூபதிக்கு வெற்றிலை போட்டுத் துப்பத் தங்கத்தில் ஒரு படிக்கம் இருந்தது. துப்புவதற்குத் தங்கம் கேட்டால் மகாலட்சுமி கோபிக்க மாட்டாளா? கோபித்தாள். ஒரு மார்கழிக் காலையில் படிக்கத்தைக் காணோம்.

"எடுத்தவன் விடங்கன்தான். நானே பார்த்தேன்" என்று சபையில் எழுந்து சொன்னார் ராஜாவின் முதல் மந்திரியான பிரதானி வரகுணர்.

விடங்கன் அரண்மனைப் புலவன். பெரிய மனிதர்களைக் கேலி செய்தே சம்பளம் வாங்குகிறவன். பிரதானியின் தொப்பையைப் பற்றி அவன் பாடிய வெண்பா, சந்தையில் கத்தரிக்காய் விற்பவர்கள் வாய் வரை போயிருந்தது. பிரதானிக்கு அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

குன்றையூரில் திருட்டு வழக்குக்கு விசாரணை கிடையாது. சபை நடுவே அண்டாவில் நெய் காய்ச்சுவார்கள். ஒரு நாழிகை தீ எரிந்ததும், பழிக்கு ஆளானவன் அதில் கையை விட வேண்டும். வெந்தால் திருடன், வேகாவிட்டால் யோக்கியன்; அப்போது பழி சொன்னவர் கை விட வேண்டும். வழக்கு முடியும் வரை தீயை அணைக்கக் கூடாது. இதுவரை அந்த ஊரில் ஒரு யோக்கியன்கூட அகப்பட்டதில்லை.

அண்டா வந்தது. அடியில் ஒரு படி நெய்தான் இருந்தது. விடங்கன் அதை எட்டிப் பார்த்தான். எழுதிப் பிழைக்கிற கை போனால் அவன் கதி என்ன? இந்தத் துளி நெய் ஒரு நாழிகைக்குள் புகைந்துவிடுமே! ஆனாலும் உரக்கச் சிரித்தான்.

"என்னய்யா சிரிப்பு?" என்றார் பிரதானி.

"இவ்வளவுதானா நெய்? விரல் நுனிதான் வேகும். பத்து நாள் களிம்பு பூசிட்டு, மறுபடி உங்க தொப்பையைப் பாட வந்துடுவேன்."

"யாரடா அங்கே! களஞ்சியத்து நெய்யெல்லாம் வரட்டும்! இவன் தோள் வரைக்கும் வேகணும்!"

மார்கழிக் குளிரில் நெய் கல்லாய் உறைந்து கிடந்தது. பாளம் பாளமாகப் பெயர்த்து வந்ததைப் பிரதானியே தம் கையால் அண்டாவில் போட்டார். விளிம்பு வரை நிரம்பிய பிறகுதான் அவருக்கு மனம் ஆறியது. விறகு திகுதிகுவென்று எரிந்தது. "அடி பிடிச்சிடப் போகுது, நல்லாக் கிளறுங்கப்பா" என்று சமையல்காரர்களை விடங்கன் ஏவிக்கொண்டிருந்தான்.

நாழிகை முடிந்தது. உருகாத கட்டிகள் அண்டாவுக்குள் குளத்து எருமைகள் மாதிரி புரண்டுகொண்டிருந்தன. விடங்கன் தோள் வரை கையை விட்டான். சபை கண்ணை மூடிக்கொண்டது.

"குளிருக்கு இதமா இருக்கு மகாராஜா!" என்று கையை எடுத்து, மற்ற கைக்கும் நெய்யைத் தடவிக்கொண்டான் விடங்கன்.

"சூனியம்!" என்று குதித்தார் பிரதானி. "இத்தனை தீயும் எங்கே போச்சு?"

"உங்க நெய்யை உருக்கவே சரியாப் போச்சு. கட்டி மிச்சம் இருக்கிற வரைக்கும் எவ்வளவு எரிச்சாலும் தீயை அதுவே தின்னுடும், சூடு ஏறாது. அந்த ஒரு படியோட விட்டிருந்தா நான் வெந்திருப்பேன். காப்பாத்தினது நீங்கதான், புண்ணியவானே!"

ராஜா துப்ப இடமில்லாமல் வெற்றிலைச் சாற்றை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "இவன் கை வேகலை. அப்போ பழி சொன்னவர் கை விடணும். அதுவும் நம்ம வழக்கம்தானே?"

பிரதானி அண்டாவை எட்டிப் பார்த்தார். வெதுவெதுப்பான நெய். இதற்கா பயப்படுவது? "தாராளமா!" என்று விரல்களிலிருந்த மோதிரங்களைக் கழற்ற ஆரம்பித்தார். கொழுத்த விரல்கள், ஒன்றும் லேசில் வரவில்லை. இழுத்தார், எச்சில் தொட்டுத் திருகினார்; அதிலேயே இன்னொரு நாழிகை ஓடிவிட்டது.

"மெதுவாவே கழற்றுங்க, அவசரமில்லை" என்றான் விடங்கன். "கடைசிக் கட்டி கரைஞ்சு ரொம்ப நேரமாச்சு. அப்புறம் எரிஞ்ச தீயெல்லாம் உங்களுக்குத்தான்."

பிரதானி திரும்பினார். அண்டா புகைந்துகொண்டிருந்தது.

"படிக்கம் எங்க வீட்டு நெல்குதிருக்குள்ளே இருக்கு மகாராஜா!" என்று தரையில் விழுந்தார்.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது. அந்த நெய் முழுவதும் விடங்கனுக்கே என்றார். அதை அவன் வீடு வரை சுமந்துபோகும் தண்டனை பிரதானிக்கு.

விடங்கன் முன்னால் நடந்தபடி திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "பார்த்துத் தூக்குங்க ஐயா, இப்போ நிஜமாவே சுடும்."