வருகிறேன் என்று சொன்ன குற்றம்

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று கேட்காதீர்கள், ஒரு ராஜா இருந்தார். ஒருநாள் அவரோடு சொக்கட்டான் ஆடித் தோற்றுக்கொண்டிருந்த ஒரு புலவர், "வருகிறேன், மன்னா" என்று எழுந்து போனார். போனவர் போனவர்தான். ராஜா பொழுது சாயும் வரை காயை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ராஜாவுக்கு வேறு வேலை என்ன?

மந்திரி வீரவாகு இதுதான் சமயம் என்று தூபம் போட்டார். "மன்னா, நாடு முழுக்க இந்தப் பொய்தான். போகிறவன் எல்லாம் வருகிறேன் என்கிறான். தண்டிக்க வேண்டாமா?"

அன்றே தண்டோரா போட்டார்கள். கிளம்புகிறவர்கள் "போகிறேன்" என்றே சொல்ல வேண்டும். "வருகிறேன்" என்றால் நாடு கடத்தல்.

ஊர் ரெண்டுபட்டது. ஒரு மாப்பிள்ளை மாமியாரிடம் "போறேன்" என்று சொல்லப்போக, பெண்ணைத் தள்ளிவைத்துவிட்டான் என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். காய்ச்சல்காரரைப் பார்க்கப் போனவன் "போறேன்" என்றதும் வீட்டுக்காரர்கள் அவனை அடிக்க வந்தார்கள்.

மந்திரியின் குறி இவர்கள் யாரும் இல்லை. அரசவை விகடகவி அம்பலவாணன்தான். ராஜாவுக்கு அவன்மேல் இருந்த பிரியம் மந்திரிக்கு வயிற்றெரிச்சல். மறுநாளே அவன் வீட்டு வாசலில் காவலனை நிறுத்தினார். கைக்குழந்தையோடு நின்ற மனைவியிடம், "வரேன் சிவகாமி" என்றபடி அம்பலவாணன் படியிறங்கினான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டுபோய்ச் சபையில் நிறுத்தினார்கள்.

ராஜாவுக்கு வருத்தம்தான். ஆனால் சட்டம் அவர் போட்டதாயிற்றே. "அம்பலவாணா, உன்னை நாடு கடத்துகிறோம். விடைபெற்றுக்கொள்."

அம்பலவாணனுக்குக் குழந்தை முகம் கண்ணில் நின்றது. "உத்தரவு. வருகிறேன், மன்னா" என்று கும்பிட்டு வெளியே போனான். போன சுவடு மறையுமுன் உள்ளே வந்து நின்றான்.

"என்ன இது?"

"சொன்ன சொல் மெய்யாக வேண்டும் என்பதுதானே தங்கள் சட்டம்? வருகிறேன் என்றேன், வந்துவிட்டேன்."

ராஜாவின் மீசை லேசாக ஆடியது. மந்திரி குதித்தார். "ஏமாற்று! போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள், மன்னா!"

"சொல்லத்தான் பார்க்கிறேன், நாக்கு புரளமாட்டேன் என்கிறது" என்றான் அம்பலவாணன். "மகாராணியார் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு புறப்படுகிறார்கள். வாசலில் பல்லக்கு காத்திருக்கிறது. அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு, நானும் அதே மாதிரி சொல்லிவிடுகிறேன்."

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. எல்லாரும் வாசலுக்குப் போனார்கள். நிறைமாத ராணி, கண் கலங்க, கணவனின் சட்டத்தை மீறக்கூடாது என்பதற்காகச் சொன்னாள்:

"நான் போகிறேன்."

ராஜா பதறிப்போனார். "சீ, வாயை மூடு! நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு இது? போயிட்டு வரேன்னு சொல்லு!"

அம்பலவாணன் பணிவாகக் குனிந்து, "மன்னா, குற்றம் செய்யச் சொல்வதும் குற்றம்தானே? துணைக்கு ஆள் இருப்பதால் எனக்குப் பயமில்லை. இரண்டு பேருமாக எல்லைக்குக் கிளம்பலாமா?" என்றான்.

ராஜா ஒரு கணம் முறைத்தார். அப்புறம் வந்ததே சிரிப்பு! பல்லக்குத் தூக்கிகளும் சிரித்தார்கள், ராணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "போயிட்டு வரேன்" என்று ஆசை தீரச் சொல்லிவிட்டுப் பல்லக்கில் ஏறினாள். சட்டம் அங்கேயே ரத்தாயிற்று. ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி, "உன் குழந்தைக்குப் போடு" என்று அம்பலவாணன் கையில் கொடுத்தார்.

இனி அங்கே நின்றால் மரியாதை இல்லை என்று மந்திரிக்குத் தெரிந்தது. மெல்ல நகர்ந்தார். நகரும்போது பழக்கம் விடுமா?

"உத்தரவு, மன்னா. வருகிறேன்."

"வேண்டாம், வீரவாகு" என்றார் ராஜா. "நீர் போகிறேன் என்றே சொல்லும்."