படிவத்துக்கு ஒரு நாவல் மரம்

மருதங்காட்டில் ஓர் ஓடை ஓடியது. மழைக் காலத்தில் முயல்களும் முள்ளம்பன்றிகளும் அதைத் தாண்ட முடியாமல் தவித்தன. "அங்கே ஒரு சிறுபாலம் கட்டுங்கள்!" என்று புலி ராஜா உத்தரவு போட்டார்.

பத்தடிப் பாலம்தான். ஆனாலும் அரசாங்க வேலை ஆயிற்றே! யானை கரியப்பன் காண்ட்ராக்டர் ஆனார். நரி ஏகாம்பரம் ஓவர்சியர் ஆனார். ஏகாம்பரத்தின் கையில் ராஜா ஒரு சுற்றுச்சூழல் பாதுகாப்புப் படிவத்தையும் கொடுத்தார்.

"இந்த வேலையால் காட்டுக்கு எந்தக் கெடுதலும் வரக்கூடாது. சாயங்காலம் வந்து பார்ப்பேன்!" என்றார்.

ஏகாம்பரத்தின் கண்ணில் காடு படவே இல்லை. படிவத்தில் இருந்த கட்டங்கள்தான் பட்டன. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வேலை போய்விடும் என்று அவர் நடுங்கினார்.

முதல் கட்டத்தைப் படித்தார். "தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்க வேண்டும்."

"நேத்துதான் மழை பெஞ்சுது ஐயா! எங்கே பாத்தாலும் சேறு. புழுதிக்கு எங்கே போறது?" என்றார் கரியப்பன்.

"பாறைக்கு அடியில காஞ்ச மண்ணு கிடக்கு. அள்ளிட்டு வந்து ஊதும்!"

கரியப்பன் துதிக்கை நிறைய மண்ணை அள்ளி வந்து ஊதினார். காடே தும்மியது. ஒரு முள்ளம்பன்றி தும்மிய வேகத்தில் நாலு முள் உதிர்ந்துவிட்டது. அதன்பின் தண்ணீர் தெளித்தார்கள். ஏகாம்பரம் கட்டத்தில் குறி போட்டார்.

இரண்டாவது கட்டம், "இரைச்சலைக் குறைக்க வேண்டும்."

"இரைச்சலே இல்லையே ஐயா?"

"இல்லாததை எப்படியய்யா குறைக்கிறது? முதல்ல பிளிறும்!"

கரியப்பன் பிளிறிய பிளிறலில் கொக்குகள் கூண்டோடு பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டன. "இப்போ நிறுத்தும்!" என்றார் ஏகாம்பரம். இன்னொரு குறி விழுந்தது.

மூன்றாவது கட்டம், "வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் பத்துக் கன்றுகள் நட வேண்டும்."

பாலம் வரும் வழியில் மரமே இல்லை. ஏகாம்பரம் சுற்றுமுற்றும் பார்த்தார். நூறடி தள்ளி ஒரு நாவல் மரம் தெரிந்தது.

"அதைச் சாயும்!"

"அது பாலத்துக்கு இடைஞ்சலா இல்லையே ஐயா?"

"வெட்டாம எப்படிக் கன்னு நடுறது?"

அந்த மரத்துப் பொந்தில்தான் அணில் மரிக்கொழுந்து மூன்று குட்டிகள் ஈன்றிருந்தாள். பேச்சைக் கேட்டுப் பதறிக் கீழே ஓடி வந்தாள்.

"வேண்டாம் ஐயா! என் குட்டிங்க இன்னும் கண்ணுகூடத் திறக்கலை!"

"பாலத்துக்கு மண்ணு சுமந்த அணிலைக் கேள்விப்பட்டிருக்கேன். வேலையை மறிக்கிற அணிலை இன்னிக்குத்தான் பாக்கிறேன்!" என்று எரிந்து விழுந்தார் ஏகாம்பரம். "ஒண்ணுக்குப் பத்தா நடப்போறோம். அப்புறம் என்ன?"

"அந்தக் கன்னு வளர்ந்து பொந்து விழறதுக்குள்ள என் பேரப்புள்ளைங்களுக்கே பல்லு கொட்டிடுமே!"

ஏகாம்பரம் காதில் வாங்கவில்லை. கரியப்பன் பெருமூச்சு விட்டபடி நெற்றியை மரத்தில் வைத்து அழுத்தினார். மரம் குலுங்கியது. பொந்துக்குள் குட்டிகள் கீச்கீச்சென்று அலறின. மரிக்கொழுந்துக்கு உயிரே போய்விடும் போலிருந்தது. ஆனால் அழுது பயனில்லை என்று தெரிந்துகொண்டாள். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும்!

"கொஞ்சம் பொறுங்க அண்ணே! ஓவர்சியர் ஐயா, அடுத்த கட்டத்தில என்ன போட்டிருக்கு?"

"வேலையிடத்தில் காயம்பட்டவருக்கு உடனே முதலுதவி செய்ய வேண்டும்."

"யாருக்குக் காயம்?"

"யாருக்கும் இல்லையே!"

"அய்யய்யோ! அப்போ அந்தக் கட்டம் காலியா கிடக்குமே! புழுதியைக் கிளப்பிட்டுத்தானே அடக்கினீங்க? இரைச்சல் போட்டுட்டுத்தானே குறைச்சீங்க? மரத்தை வெட்டிட்டுத்தானே கன்னு நடப்போறீங்க? அதேபோல ஒரு காலை உடைச்சாத்தானே கட்டுப் போட முடியும்? யார் காலு?"

ஏகாம்பரம் மெல்லத் திரும்பிக் கரியப்பனின் காலைப் பார்த்தார்.

"என் காலுக்குக் கட்டுப் போட இந்தக் காட்டுல துணி பத்தாது ஐயா," என்றார் கரியப்பன். யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே செய்கிற ஆள் அவர். மரத்தை விட்டுவிட்டு நேரே நரியிடம் வந்தார். "உங்க காலுதான் அளவா இருக்கு. நீட்டுங்க! நாலுல எதுன்னு நீங்களே சொல்லிடுங்க!"

யானையின் பாதம் தலைக்கு மேலே எழும்பியது. ஏகாம்பரத்தின் வால் பின்னங்கால்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டது.

"ஐயோ, வேண்டாம்! காயமே படாம இருக்கிறதுதானய்யா நல்லது! 'தேவைப்படவில்லை'ன்னு எழுதினாப் போதும்!"

"அப்போ மரமே வெட்டலைன்னா?" என்று கேட்டாள் மரிக்கொழுந்து.

ஏகாம்பரம் அந்தப் பாதத்தை அண்ணாந்து பார்த்தார். "அதுக்கும் 'தேவைப்படவில்லை'தான் தாயே!" என்று கத்தினார். இரண்டு கட்டங்களிலும் அப்படியே எழுதினார். மரிக்கொழுந்து ஒரே பாய்ச்சலில் பொந்துக்குள் போய்க் குட்டிகளை அணைத்துக்கொண்டாள்.

எதைக் காப்பதற்காக விதி வந்தது என்பதை மறந்துவிட்டு விதியை மட்டும் நிறைவேற்றுகிறவன், காக்க வேண்டியதைத் தன் கையாலேயே அழிப்பான்.