தொடாத வள்ளம்

துறைமுகத்தில் இடமில்லாமல் படகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிக் கிடந்தன. தஸ்நேவிஸ் முதலாளியின் புதுப் படகுக்கும் கரைக்கும் நடுவே கிடந்தது வியாகப்பனின் சின்ன வள்ளம்.

“புதுப் பெயின்டுடே! உனக்க ஓட்ட வள்ளம் எம் படகத் தொடக் கூடாது, பாத்துக்க!”

“சரி முதலாளி.” வியாகப்பன் வள்ளத்தை அவிழ்த்துக் கரையோரமாகத் தள்ளிக் கட்டினான்.

புதுப் படகை மந்திரித்து ஆசீர்வதிக்கக் கோயில் பங்குச் சாமியார் ஊர்க் கூட்டத்தோடு கரையில் வந்து நின்றார். அவரை வரவேற்கப் படகிலிருந்து மாலையோடு எழுந்த முதலாளிக்கு, அந்த வள்ளத்தில் கால்வைத்துத்தான் கரையேற முடியும் என்பது அப்போதுதான் உறைத்தது. முன்னால் இரண்டு ஆள் நீளத்துக்குத் தண்ணீர். இடுப்பில் பட்டு வேட்டி.

“வியாகப்பா, சேத்துக் கெட்டுடே.”

“தொட்டிருமே, முதலாளி?”

கரை சிரித்தது. சாமியாரும் குனிந்து சிரித்தார். தஸ்நேவிஸின் காதுமடல் சுட்டது. கையிலிருந்த மாலையைப் பார்த்தபடி, “தொடட்டும்” என்று முனகினார்.

“கேக்கலியே, முதலாளி!” என்றான் வியாகப்பன்.