யாரும் மறுக்காத இடம்

ஊர்க் குப்பையைக் கொட்டி லாரிக்கு மாற்றும் நிலையம், கன்னிமார் நகர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வரப்போவதாக நகராட்சித் தலைவர் தணிகாசலம் கூட்டத்தில் அறிவித்தார். ஜனங்கள் கூடாது என்றார்கள்.

"துளி நாத்தம் வராது. அப்படியும் வேண்டாம்னா, யாருமே மறுக்காத ஒரு இடத்தைக் காட்டுங்க, மாத்திடறேன்" என்றார் அவர்.

இஸ்திரி போடும் செவ்வந்தியின் மகள் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள். செவ்வந்தி எழுந்தாள்.

"உங்க பங்களாவுக்குப் பின்னால காலி மனை கெடக்குங்க ஐயா. அக்கம்பக்கத்துல வேற வீடில்ல. நாத்தமே வராதுன்னா நீங்களும் மறுக்கமாட்டீங்க."

"அதெப்படிம்மா? அங்க நாங்க குடியிருக்கோம்ல" என்று வாயை விட்டுவிட்டார் தலைவர்.

"நாங்களும் இங்க குடிதானுங்க இருக்கோம்."

கூட்டம் சிரித்தது. முகம் சிவந்த தலைவருக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்கு வெளியே, ஆளில்லாத பழைய செங்கல் சூளைப் பக்கம் இடம் பார்க்கச் சொன்னார். பார்க்கப்போகிறவர்களோடு செவ்வந்தியையும் அனுப்பிவைத்தார்.