டியர் என்றால் வெளியே

மூடுபனி இறங்கினால் பங்களாவே மிதக்கிற மலை அது. அந்தப் பனிக்குள்ளிருந்து தேன்குடத்தோடு வந்தாள் மாதி. மேலே அவள் அண்ணன் கயிற்றைப் பிடிக்க, கீழே புருஷன் பாறையில் தொங்கி எடுத்த தேன். தாழ்வாரமெல்லாம் குறிஞ்சிப்பூ வாசம்.

துரை விலையைக் கேட்டு முகம் சுளித்தார். "டியர்! டூ டியர்!"

மாதி விழித்தாள். சற்றுமுன் துரைசானியைத் தேநீர் குடிக்க அழைத்ததும் இதே சொல்லால்தானே?

"விலை அதிகமாம்," என்றான் பட்லர்.

"பாதி விலைக்குக் கொடு! டியரான எதுவும் இந்தப் பங்களாவில் இருக்கக் கூடாது!" என்று துரை தமிழிலேயே அதட்டினார்.

"எதுவுமேங்களா, தொரை?"

"எதுவுமே!"

மாதி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே குரல் கொடுத்தாள். "அம்மா, சால்வையப் போத்திக்கிட்டு வாங்க, கிளம்பலாம். தொரை உங்களையும் டியருன்னுதானே சொன்னாரு!"

தமிழ் தெரிந்த துரைசானி சிரித்தபடி சால்வையை எடுத்தாள். இருவரும் படியிறங்கிப் பனிக்குள் பாதி கரைந்துவிட்டார்கள்.

"முழு விலையும் தருகிறேன்!" என்று துரை பின்னாலிருந்து கத்தினார்.

பனிக்குள்ளிருந்து மாதியின் குரல் மட்டும் வந்தது.

"தேனுக்கு மட்டுந்தானுங்களே, தொரை?"