பொறுக்கிய பயறு

"பரஞ்சோதியை அனுப்பிடுங்க, சாமி."

சொன்னவர் உலகநாதன். மடத்துச் சரக்கறையான உக்கிராணத்தின் சாவியை முப்பது வருஷமாக இடுப்பில் சுமப்பவர். குருபூசைக்கென்று அவர் கண்ணும் கருத்துமாக வைத்திருந்த டிரம்மில் பாசிப்பயறு முழுக்க வண்டு.

"சமையல் பண்றவன் மூடியைத் திறந்து போட்டுட்டான். வேற எந்த வழியா வண்டு போகும்?"

"மூடித்தான் வச்சேன், சாமி," என்றார் பரஞ்சோதி. அதற்கு மேல் பேசத் தெரியாத மனுஷர். மடத்தை விட்டால் அவருக்குப் போக்கிடமும் கிடையாது.

மடத்துத் தலைவரான சாமிக்கு உலகநாதனின் பாதி வயசுதான். டிரம்மை ஒருதரம் எட்டிப் பார்த்தார்.

"இதுலேயே ஓட்டையில்லாத நல்ல பயறா ஒரு பிடி பொறுக்குங்க. பாட்டில்ல போட்டு நீங்களே மூடி, நீங்களே வச்சுக்குங்க. பத்து நாள்ல வண்டு வரலைன்னா பரஞ்சோதி போகட்டும்."

உலகநாதனுக்குச் சிரிப்பு வந்தது. இறுக மூடின பாட்டிலுக்குள் வண்டு எப்படி வரும்? என்ன இருந்தாலும் சாமி சின்னப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பயறாகத் திருப்பிப் பார்த்துப் பொறுக்கினார்.

பரஞ்சோதி தன் இரண்டு வேட்டிகளை அன்றைக்கே மூட்டை கட்டி வைத்துவிட்டார். அடுப்பு வேலையை மட்டும் நிறுத்தவில்லை. அவர் சோறு பரிமாறும்போது உலகநாதன் இலையை விட்டுத் தலை நிமிரவில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் பாட்டிலுக்குள் ஒரு வண்டு ஊர்ந்தது.

உலகநாதன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

கதவைச் சாத்தினார். மூடியைத் திறந்து வண்டை எடுத்து நசுக்கினார். அது துளைத்து வந்த பயறையும் தேடிப் பிடித்து ஜன்னல் வழியே எறிந்தார். மறுபடி மூடியை இறுக்கினார்.

பத்தாம் நாள் காலை பரஞ்சோதி மூட்டையோடு வந்து நின்றார்.

உலகநாதன் நீட்டிய பாட்டிலைச் சாமி வாங்கவில்லை.

"நீங்களே பார்த்துச் சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்."

இல்லை என்று சொல்ல உலகநாதன் வாயெடுத்தார். அவர் கட்டைவிரலுக்கு நேரே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு பயறு அசைந்தது. அதிலிருந்து கறுப்பாக ஒரு தலை வெளியே வந்தது.

வேறு யாரும் பார்க்கவில்லை.

"இருக்கு," என்றார்.

"நல்ல பயறுன்னு பொறுக்கினது யாரு?"

"நான்தான்."

பரஞ்சோதி மூட்டையைக் கீழே வைத்தார். அழுகை வந்துவிட்டது அவருக்கு. சாமி உள்ளே போக எழுந்தார்.

"சாமி," என்றார் உலகநாதன். "இது ரெண்டாவது வண்டு."